அமிலாய்டு நோய்க்குக் குளுட்டமேட் மாத்திரை ஏன்?

அல்சைமர் கொஞ்சம் முற்றிய நிலையில் நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று டொனெபெசில், இன்னொன்று மெமன்டின். வீட்டில் யாரையாவது இந்த நோயோடு வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இரண்டாவது மாத்திரை நன்றாக நினைவிருக்கும். முதல் வாரம் 5 மில்லிகிராம், அடுத்த வாரம் 10 என்று படிப்படியாக 20 வரை ஏற்றச் சொல்வார்கள்.

இந்த மாத்திரையில் ஒரு புதிர் இருக்கிறது. அல்சைமர் என்றால் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதால் வரும் நோய் என்றுதான் எங்கும் படிக்கிறோம். மெமன்டினோ அமிலாய்டைக் கரைக்க வந்த மருந்தே அல்ல. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் திறக்கிற ஒரு வாசலில் போய் அது அடைத்துக்கொள்கிறது. பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டியதாம் என்பார்களே, அப்படி இருக்கிறது முதல் பார்வைக்கு.

உண்மையில் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது, அதுவும் நெருக்கமான தொடர்பு. அமிலாய்டை மூளையில் சேரும் நஞ்சு என்று சொல்வது பாதிதான் சரி என்பது என் எண்ணம். அது செய்கிற கேட்டில் பெரும்பங்கை, மூளையின் அன்றாடப் பேச்சான குளுட்டமேட்டைக் கெடுப்பதன் வழியாகத்தான் செய்கிறது. அந்தப் பேச்சை நிறுத்தவும் முடியாது, கெட்டுப்போக விடவும் முடியாது. மருந்துகள் திணறுவது அங்கேதான்.

கடற்பாசிச் சாற்றில் இருந்த பொருள்

1908இல் டோக்கியோவில் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர், கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றுக்கு அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே அதன் உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. நம் தக்காளியிலும் இதே பொருள் இயல்பாக இருக்கிறது.

மூளையில் அதற்கு என்ன வேலை என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1950களில் ஜப்பானில் தாக்காஷி ஹயாஷி, நாய்களின் மூளைப் புறணியில் குளுட்டமேட் கரைசலைச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கான்பெராவில் டேவிட் கர்ட்டிஸ், ஜெஃப்ரி வாட்கின்ஸ் குழுவினர் பூனையின் தண்டுவட நரம்பணுக்களில் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். பட்ட நரம்பணு எல்லாம் கிளர்ந்தெழுந்தது. அப்படியும் இது செய்தி கடத்தும் பொருளாக இருக்கும் என்று நம்ப அவர்களே தயங்கினார்கள். தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. குளுட்டமேட் சாதாரண அமினோ அமிலம், எல்லாச் செல்லிலும் கொட்டிக் கிடப்பது. ஊரெல்லாம் கிடக்கும் மணலை யாராவது நாணயமாகப் புழங்குவார்களா? மூளை புழங்குகிறது. மூளையில் கிளர்ச்சியூட்டும் இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை குளுட்டமேட்டில்தான் ஓடுகின்றன என்பது இன்று பாடநூல் செய்தி.

ஒரு நரம்பணுவின் முனை, அடுத்த நரம்பணுவின் கிளையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குட்டி முள்ளைக் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும். நடுவில் மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய இடைவெளி. இதுதான் சினாப்ஸ். முனையிலிருந்து குளுட்டமேட் கொட்டப்படும், எதிரே முள்ளில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துத் திறக்கும். ஏற்பிகளில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. ஆம்பா ஏற்பி சட்டென்று திறந்து சோடியத்தை உள்ளே விடும். வழக்கமான பேச்சுக்கு அது போதும். என்எம்டிஏ ஏற்பி அப்படி எளிதில் திறக்காது. அதன் குழாய்க்குள் ஒரு மெக்னீசிய அயனி தக்கை மாதிரி செருகியிருக்கும். குளுட்டமேட் வந்து பிடிப்பதும், அதே நேரத்தில் அந்த நரம்பணு ஏற்கெனவே நன்றாகக் கிளர்ந்திருப்பதும் சேர்ந்து நடந்தால்தான் தக்கை வெளியே தள்ளப்படும். 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்கள் இந்தத் தக்கையைக் கண்டுபிடித்தன.

தக்கை விலகினால் உள்ளே வருவது கால்சியம். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு. அதனால் மதகைக் கொஞ்சம் தூக்கினாலே போதும். உள்ளே வரும் அந்தச் சிறு வெள்ளம், ‘இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசின, இந்த இணைப்பை உறுதியாக்கு’ என்று செல்லுக்குச் சொல்கிறது. ஆம்பா ஏற்பிகள் கூடுகின்றன, முள் தடிக்கிறது. இந்த நீடித்த வலுவூட்டத்தை ப்ளிஸ், லோமோ இருவரும் முயல்களில் கண்டு 1973இல் எழுதினார்கள். நாம் எதையாவது நினைவில் வைத்துக்கொள்வது செல் அளவில் ஏறத்தாழ இப்படித்தான் என்று இன்றைக்கும் எண்ணப்படுகிறது. கால்சியம் வேகமாக நிறைய வந்தால் இணைப்பு வலுப்படும். கொஞ்சமாக, நீண்ட நேரம் கசிந்தால் அதே இணைப்பு தளரும். இந்த இரண்டாவது பாதியை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

கொட்டிய குளுட்டமேட்டை யாராவது கூட்டி அள்ள வேண்டுமே. அதற்கு நரம்பணுக்களைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் ஆஸ்ட்ரோசைட் செல்கள் நிற்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள கடத்திகள் சில மில்லி விநாடிகளுக்குள் குளுட்டமேட்டை உறிஞ்சி, குளுட்டமின் என்ற தீங்கற்ற வடிவத்துக்கு மாற்றி, நரம்பணுவுக்கே திருப்பித் தருகின்றன. செல்லுக்குள் இருக்கும் குளுட்டமேட், வெளியே இருப்பதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. இந்த வித்தியாசத்தைக் காக்க மூளை ஓயாமல் ஆற்றல் செலவழிக்கிறது. பேசுவதைவிடப் பேசி முடித்தபின் அமைதியைக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை போலும்.

பேச்சே கொல்லும்போது

அள்ளுவது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் சாட்சி ஒரு கண் ஆய்வு. 1957இல் லூகாஸ், நியூஹவுஸ் என்ற இருவர், பிறந்து சில நாளே ஆன சுண்டெலிகளுக்குக் குளுட்டமேட் கொடுத்தபோது விழித்திரையின் உள் அடுக்குகள் அழிந்துபோனதைக் கண்டார்கள். 1969இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஓல்னி, அதே சேதம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலும் நடப்பதைக் காட்டினார். இதற்கு அவர் சூட்டிய பெயரைத் தமிழில் கிளர்ச்சி நச்சு என்று சொல்லலாம். நரம்பணுவை எது எழுப்புகிறதோ அதுவே அளவு மீறினால் அதைக் கொல்லும்.

இங்கே ஒரு சின்ன விலகல். அஜினோமோட்டோ மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயத்துக்கு வேர் இந்த ஆய்வுகள்தான். ஆனால் அவை, இரத்தத்தில் வரும் பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் காக்கும் தடுப்பரண் இன்னும் முதிராத குட்டிகளுக்குப் பெரிய அளவில் ஊசி போட்டுச் செய்தவை. நாம் சாப்பாட்டில் உண்ணும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துத் தீர்த்துவிடுகின்றன. மிஞ்சி இரத்தத்துக்கு வருவதும் தடுப்பரணைத் தாண்டி மூளைக்குள் எளிதில் போவதில்லை. மூளையில் சிக்கல் செய்வது மூளையே தயாரித்த குளுட்டமேட். ஃபிரைட் ரைஸுக்கும் அல்சைமருக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

உணவிலிருந்து வந்து இந்த ஏற்பிகளைத் தாக்கும் பொருள்களும் இல்லாமல் இல்லை. துவரம்பருப்பில் கலப்படம் செய்கிறார்கள் என்று நாம் கேள்விப்படும் கேசரிப் பருப்பு ஓர் உதாரணம். வறட்சிக் காலத்தில் மத்திய இந்தியாவில் அதையே மாதக்கணக்கில் உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கின. 1964இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அதிலிருந்து பிரித்தெடுத்த நச்சு, குளுட்டமேட்டைப் போல வேடமிட்டு ஆம்பா ஏற்பியைத் திறக்கும் ஓர் அமினோ அமிலம். இன்னொன்று கனடாவில் நடந்தது. 1987இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிப்பிகளில் டோமோயிக் அமிலம் சேர்ந்திருந்தது, அதுவும் குளுட்டமேட்டின் சாயல் கொண்டதே. சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. இறந்தவர்களின் மூளையில் அழிந்திருந்தது, புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி. அல்சைமரும் ஆரம்பத்திலேயே பதம் பார்க்கும் இடங்களில் ஒன்று அது.

கொல்லும் கை யாருடையது என்று 1980களில் டென்னிஸ் சோய் வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பணுக்களை வைத்துத் தேடினார். அளவுக்கு மேல் உள்ளே வரும் கால்சியம்தான் என்று தெரிந்தது. அது புரதங்களைக் கத்தரிக்கும் நொதிகளைத் தட்டி எழுப்பும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை நிரப்பித் திணறடிக்கும், கடைசியில் செல் கரைந்துபோகும். நினைவைப் பதிக்கிற அதே மதகு, அதே நீர்.

அப்புறம், அமிலாய்டு

1906இல் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையை வெட்டிப் பார்த்துப் படிவுகளையும் நார்முடிச்சுகளையும் விவரித்த கதை பலருக்குத் தெரியும். அந்த மூளையை அவர் ஆராய்ந்தது மியூனிக்கில். படிவுகளுக்குள் இருப்பது என்ன புரதம் என்று தெரிய 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கிளென்னர், வாங் இருவரும் நோயாளிகளின் மூளை இரத்தக்குழாய்களில் படிந்த அமிலாய்டின் அமினோ அமில வரிசையைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு படிவுகளிலும் அதுவே இருப்பது தெரிந்தது.

இது வெளியிலிருந்து வந்தது அல்ல. நரம்பணுக்களின் சவ்வில் குத்திட்டு நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிக் கத்தரிகள் அடுத்தடுத்து வெட்டும்போது விழும் துண்டு. பெரும்பாலும் 40 அமினோ அமில நீளம், சில சமயம் 42. அந்த இரண்டு கூடினால் துண்டு பசைபோல ஒட்டத் தொடங்குகிறது. தாய்ப்புரதத்தின் மரபணு 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது. டவுன் நிலையோடு (டவுன் சின்ட்ரோம்) பிறந்தவர்களிடம் அந்தக் குரோமோசோம் மூன்று இருப்பதால், 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருடைய மூளையிலும் படிவு தென்படுகிறது. இவற்றையெல்லாம் கோத்து, 1992இல் ஹார்டி, ஹிக்கின்ஸ் இருவரும் அமிலாய்டே முதல் கல், மற்றவை அதிலிருந்து உருள்பவை என்ற கருதுகோளை வைத்தார்கள்.

அதில் ஓர் உறுத்தல் தொடக்கம் முதலே இருந்தது. படிவு நிறைய இருந்தும் தெளிவாக இருக்கும் முதியவர்கள் உண்டு. 1991இல் ராபர்ட் டெர்ரி குழு, நோயாளிகளின் நினைவிழப்பின் அளவு எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்த்தது. படிவின் எண்ணிக்கையோடு இல்லை. எத்தனை சினாப்ஸ்கள் போய்விட்டன என்பதோடு ஒத்துப்போனது. அப்படியானால் கேள்வி, அமிலாய்டு சினாப்ஸை என்ன செய்கிறது என்பதாக மாறுகிறது. சினாப்ஸ் என்றாலே குளுட்டமேட்தானே!

தூண்டினால்தான் சுடும்

முதல் துப்பு சோதனைத் தட்டுகளில் கிடைத்தது. 1990இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் கோ, யாங், காட்மேன் மூவரும் வளர்ப்பு நரம்பணுக்களுக்கு அமிலாய்டைக் கொடுத்தார்கள். தனியாகக் கொடுத்தபோது பெரிய சேதம் இல்லை. அதோடு குளுட்டமேட் வகைத் தூண்டலும் சேர்ந்தபோது, வழக்கமாகத் தாங்கக்கூடிய அளவையே செல்களால் தாங்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் மார்க் மேட்ஸன் குழு மனித நரம்பணுக்களிலும் அதையே கண்டது. அமிலாய்டு பட்ட செல்லால் கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. நெருப்பு வைத்தது குளுட்டமேட். கூரையைக் காயப்போட்டு வைத்தது அமிலாய்டு.

எந்த அமிலாய்டு என்பது அடுத்த கேள்வி. கண்ணுக்குத் தெரியும் பெரிய படிவா, அல்லது இரண்டு, மூன்று, பத்து என்று ஒட்டிக்கொண்டு நீரில் கரைந்து திரியும் சிறுகூட்டுகளா? 2008இல் கணேஷ் சங்கர், டென்னிஸ் செல்கோ முதலியோர் அல்சைமரில் இறந்தவர்களின் மூளையிலிருந்தே அமிலாய்டை எடுத்து எலிகளின் ஹிப்போகாம்பஸ் துண்டுகளில் போட்டுப் பார்த்தார்கள். கரைந்த இரட்டைகள் நீடித்த வலுவூட்டத்தைத் தடுத்தன, இணைப்பு தளர்வதை ஊக்கின, முட்களைக் குறைத்தன. நன்றாகக் கழுவிய படிவின் நடுக்கரு அப்படி எதுவும் செய்யவில்லை. அதே நடுக்கருவைக் கரைத்து இரட்டைகளை வெளியேற்றியபோது கேடு திரும்பி வந்தது. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, குற்றவாளியையும் அவன் ஒளிந்திருக்கும் வீட்டையும் ஒரே வழக்கில் பிரித்துக் காட்டியதால்.

சிறுகூட்டு ஆய்வுகளில் ஒரு கறையும் இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. ஒரு குறிப்பிட்ட சிறுகூட்டுத்தான் நினைவைக் கெடுக்கிறது என்று 2006இல் நேச்சர் இதழில் வந்து மிகப் பிரபலமான கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதோடு அமிலாய்டு கதையே முடிந்தது என்று சிலர் எழுதினார்கள். முடியவில்லை. மற்ற பல ஆய்வகங்கள் வேறு வேறு முறைகளில் கண்டவை அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை.

சரி, இப்போது முரண்பாடு ஒன்று எழுகிறது. ஒரு பக்கம் அமிலாய்டு செல்லை மிகையாகக் கிளறுகிறது என்கிறோம். மறுபக்கம் அதே அமிலாய்டு முள்ளிலிருந்து ஆம்பா, என்எம்டிஏ ஏற்பிகளை உள்ளிழுக்க வைத்து, இணைப்பை மங்கச் செய்கிறது என்றும் 2005, 2006 ஆண்டுகளில் ஆய்வுகள் காட்டின. கூச்சலா, மௌனமா?

இரண்டும்தான். அதற்கான விளக்கத்தில் இடம் முக்கியம். என்எம்டிஏ ஏற்பிகள் சினாப்ஸுக்குள் மட்டும் இல்லை, அதற்கு வெளியே சவ்வின் ஓரங்களிலும் இருக்கின்றன. 2002இல் ஹார்டிங்ஹாம், பாடிங் இருவரும் உள்ளே இருப்பவை திறந்தால் செல்லைப் பாதுகாக்கும் மரபணுக்கள் விழிக்கின்றன, வெளியே இருப்பவை திறந்தால் அந்தப் பாதுகாப்பு அணைக்கப்படுகிறது என்று காட்டினார்கள். ஒரே சாவி, ஒரே பூட்டு. வாசலில் திறந்தால் வரவேற்பு, கொல்லைப்புறம் திறந்தால் கொள்ளை. சாதாரணமாகக் குளுட்டமேட் கொல்லைப்புறம் வரை போவதில்லை, ஆஸ்ட்ரோசைட் வழியிலேயே அள்ளிவிடும். அந்த அள்ளலைத்தான் அமிலாய்டு கெடுக்கிறது. 2009இல் செல்கோவின் ஆய்வகத்தில், சிறுகூட்டுகள் குளுட்டமேட் உறிஞ்சலைத் தடுத்து, வழிந்ததை வெளிப்புற ஏற்பிகள்வரை போகவிடுவதையும், அதனால் இணைப்புகள் தளர்வதையும் கண்டார்கள். மேலே மறக்க வேண்டாம் என்றேனே, அந்த மெல்லிய நீண்ட கசிவு இதுதான். சந்தைக் கூச்சலில் காதுக்குள் சொன்ன சொல் கேட்காது. கூச்சல் கூடக் கூட, உண்மையான செய்திக்கு மதிப்புக் குறைந்து இணைப்பே சுருங்குகிறது.

உயிருள்ள மூளையிலும் இதைப் பார்த்தாயிற்று. 2008இல் மியூனிக்கில் ஆர்தர் கொன்னெர்த்தின் குழு, அமிலாய்டு படியுமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளின் மூளையில் நரம்பணுக்களின் கால்சிய மினுக்கத்தை நுண்ணோக்கியில் கண்காணித்தது. ஒரு பங்கு நரம்பணுக்கள் ஊமையாகியிருந்தன. இன்னொரு பங்கு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது, அவை படிவுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் பலோப், லெனார்ட் மக்கி குழுவினரோ இத்தகைய எலிகளில் வெளியே தெரியாத வலிப்பு அலைகளைப் பதிவுசெய்திருந்தார்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு அதே வயதுள்ள மற்றவர்களைவிட வலிப்பு அதிகம் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே.

2019இல் அதே மியூனிக் குழு சயன்ஸ் இதழில் எழுதியது இந்தக் கதையின் முக்கிய முடிச்சு. மிகைக் கிளர்ச்சியைத் தொடங்கிவைப்பது குளுட்டமேட் உறிஞ்சல் தடைப்படுவதே என்று அவர்கள் காட்டினார்கள். அதைவிட முக்கியம் இது: ஏற்கெனவே ஏதாவது பேசிக்கொண்டிருந்த நரம்பணுக்களைத்தான் அமிலாய்டு கத்த வைத்தது. சும்மா இருந்தவை பெரும்பாலும் அசையவில்லை. ஆக, அமிலாய்டு தன்னால் கத்துவதில்லை. பேசுகிறவர்களின் ஒலியைக் கூட்டிவைக்கிறது. அல்சைமர் முதன்முதலில் அந்த மூளையை வெட்டிப் பார்த்த ஊரிலேயே, நூறு ஆண்டு கழித்து இந்த விடை வந்தது.

கத்துவதால் இன்னும் கொஞ்சம் அமிலாய்டு

வட்டத்தின் மறுபாதி இன்னும் இருக்கிறது. 2003இல் ராபர்ட்டோ மாலினோவின் ஆய்வகம் நரம்பணு அதிகம் பேசும்போது அதிகம் அமிலாய்டை வெளிவிடுகிறது என்று கண்டது. வெளிவந்த அமிலாய்டு அதே இணைப்புகளின் வலுவைக் குறைத்தது. இளமையில் இது ஒரு நல்ல தடைக்கட்டையாகவே இருந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்: அதிகம் பேசினால் கொஞ்சம் அடக்கு. 2005இல் செயின்ட் லூயிஸில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் ஆய்வகம், உயிருள்ள எலியின் மூளைத் திரவத்திலேயே அமிலாய்டின் அளவு சினாப்ஸ்களின் சுறுசுறுப்போடு ஏறி இறங்குவதை அளந்தது. 2009இல் அதே ஆய்வகம், விழித்திருக்கும்போது ஏறும் அளவு தூங்கும்போது இறங்குகிறது, தூக்கம் கெடுத்தால் படிவும் கூடுகிறது என்று சொன்னது.

மனித மூளையில் அமிலாய்டு எங்கே முதலில் படிகிறது என்று பார்த்தால் இது பொருந்துகிறது. நாம் எதுவும் செய்யாமல் யோசனையில் ஆழ்ந்திருக்கும்போதும் ஓயாமல் இயங்கும் பகுதிகளின் வரைபடமும், அமிலாய்டு படியும் வரைபடமும் வெகுவாக ஒத்துப்போகின்றன. இதைப் படித்துவிட்டு மூளைக்கு வேலை கொடுக்காமல் இருப்பதுதான் நல்லதோ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. கல்வியும் மூளைக்கு வேலையும் உள்ளவர்களுக்கு இந்த நோயின் அறிகுறிகள் தள்ளிப்போவதையே மக்கள் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒழுங்கான பேச்சும் அடங்காத இரைச்சலும் ஒன்றல்ல.

இந்த வட்டம் தானே நிற்காததற்கு இன்னொரு பாத்திரம் காரணம்: டாவ் புரதம், அல்சைமர் கண்ட நார்முடிச்சுகளின் மூலப்பொருள். 2007இல் மக்கியின் குழு, அமிலாய்டு நிறைந்த எலிகளில் டாவ் அளவைப் பாதியாகக் குறைத்தது. அமிலாய்டு அப்படியே இருந்தது, ஆனால் நினைவு தேறியது, வலிப்புக்கு ஆளாவதும் குறைந்தது. என்எம்டிஏ ஏற்பியின் பக்கத்தில் ஒரு நொதியை டாவ் கொண்டுவந்து நிறுத்துவதும், அந்த நொதி ஏற்பியை இன்னும் கூர்மையாக்குவதும் 2010இல் தெரியவந்தது. அதாவது டாவும் கடைசியில் அதே மதகுக்குத்தான் வருகிறது.

தக்கைக்கு மாற்றுத் தக்கை

இவ்வளவும் தெரிந்தபின் என்எம்டிஏ ஏற்பியை அடைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அதைச் செய்து பார்த்தார்கள். எம்கே-801 என்ற பொருள் வாசலை இறுகப் பூட்டும். விலங்குகளில் நரம்பணுக்களை அருமையாகக் காத்தது. ஆனால் அதே வாசல்தானே நினைவுக்கும்? இறுகப் பூட்டினால் குழப்பமும் மாயத்தோற்றமும் வரும். மயக்கமருந்தான கெட்டமைனும் இதே வாசலை அடைப்பதுதான், அது என்ன செய்யும் என்று தெரிந்ததே. பக்கவாதத்துக்காக இந்த வகையில் சோதிக்கப்பட்ட மருந்துகள் 1990களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

மெமன்டினின் வெற்றி, அது ஒரு சுமாரான பூட்டு என்பதில் இருக்கிறது. 1960களில் எலி லில்லி நிறுவனம் நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கத் தயாரித்த மூலக்கூறு அது, நீரிழிவுக்கு உதவவில்லை. பின்னர் ஜெர்மனியில் மூளைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, 2002இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அல்சைமருக்கு அனுமதி பெற்றது. வாசல் திறந்திருந்தால் மட்டுமே உள்ளே நுழையும், சீக்கிரம் வெளியேயும் வந்துவிடும். மெல்லிய இரைச்சல் ஓயாமல் கசியும்போது வாசலில் உட்கார்ந்து அதை மறைக்கும். உண்மையான, வலுவான செய்தி வரும்போது விலகி வழிவிடும். கசிவில் தளர்ந்துபோன மெக்னீசியத் தக்கைக்குப் பதில் கொஞ்சம் கனமான தக்கை என்று வைத்துக்கொள்ளலாம். சினாப்ஸுக்கு வெளியே உள்ள ஏற்பிகளை அது அதிகம் அடைக்கிறது என்றும் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லிப்டன் குழு காட்டியிருக்கிறது.

பலன்? சிறியது. மிதமான, முற்றிய நிலைகளில் சரிவை ஓரளவு மெதுவாக்குகிறது. ஆரம்ப நிலையில் பயன் இருப்பதாக நிரூபணம் இல்லை. எனக்கு இதில் ஒரு வருத்தமான முரண் தெரிகிறது. எலிகளில் இரைச்சல் மிகுந்திருப்பது ஆரம்ப காலத்தில். மனிதர்களிலும் லேசான மறதி நிலையில் ஹிப்போகாம்பஸ் வழக்கத்தைவிட அதிகம் இயங்குகிறது, முற்றியபின் அடங்கிவிடுகிறது. 2012இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மிக்கேலா கல்லகர் குழு, வலிப்புக்கான லெவடிரசிடம் மருந்தை மிகக் குறைந்த அளவில் லேசான மறதி உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது அந்த மிகை இயக்கம் தணிந்தது, நினைவுச் சோதனையில் மதிப்பெண் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஹிப்போகாம்பஸ் அதிகம் உழைப்பது இழப்பை ஈடுகட்டத்தான் என்ற பழைய நம்பிக்கையை அது ஆட்டிவைத்தது.

அமிலாய்டை நேரடியாக எதிர்த்த வழியிலும் இதே பாடம் வேறு உருவில் கிடைத்தது. அதை வெட்டும் கத்தரிகளை முடக்கிய செமகாசெஸ்டாட் 2010இலும், வெருபெசெஸ்டாட் 2017, 2018இலும் நிறுத்தப்பட்டன. அமிலாய்டு உற்பத்தி குறைந்தும் நோயாளிகளின் நினைவு தேறவில்லை, சில அளவுகளில் மோசமானது. அந்தக் கத்தரிகளுக்கு வேறு வேலைகளும் உண்டு, சினாப்ஸிலும் உண்டு. உருவான சிறுகூட்டுகளையும் இழைகளையும் பிடித்து அகற்றும் எதிர்ப்புரதங்கள்தான் கடைசியில் அனுமதி பெற்றன: 2023இல் லெகனெமாப், 2024இல் டொனனெமாப். லெகனெமாபை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தபோது நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45; சரிவு 27 சதவீதம் மெதுவானது. சிலருக்கு மூளை வீக்கமும் சிறு இரத்தக் கசிவுகளும் வந்தன. படிவு ஏறக்குறையத் துடைக்கப்பட்ட பிறகும் நோய் நிற்கவில்லை, மெதுவானது, அவ்வளவே.

மருந்து கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்குள் எத்தனை முட்கள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன என்பதைப் பொறுத்தது பலன். அமிலாய்டு படியத் தொடங்கி நினைவு தடுமாறும் வரை பதினைந்து இருபது ஆண்டுகள் போகின்றன. அந்த ஆண்டுகள் முழுக்க ஆஸ்ட்ரோசைட்கள் ஒவ்வொரு சினாப்ஸின் ஓரத்திலும் குளுட்டமேட்டை அள்ளிக்கொண்டேதான் இருக்கின்றன, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் தாமதமாக.